காகிதக் குவளை

ஒரு பொய்யைப் பற்றி எழுதப் போகிறேன், தோழர்களே! ஊரை ஏய்ப்போர் உரைத்த பொய்யல்ல. கற்றவன், பகுத்தறிவு பேசுபவன், பள்ளிப் பிள்ளைகளுக்கு வாய்மையைப் போதிப்பவன் எழுதிய பொய். ஆம், நான் எழுதிய பொய்!

முதுகலை படித்தபோது இனவரைவியல் ஆய்வேடு ஒன்று எழுதப் பணித்தனர். ஒரு மக்கள் கூட்டத்தாரிடையே தங்கி, அவர்தம் வாழ்வைக் கண்டவாறு எழுதுவதே அந்த இயல். என் தாய் பிறந்த சிற்றூரைத் தேர்ந்தெடுத்தேன். தாய்மாமன் வீட்டுத் திண்ணையே என் ஆய்வுக்கூடம்!

புறப்படுமுன் நூல்கள் பல புரட்டினேன். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் 7 தொகுதிகள் வெளியிட்டவர். மக்களின் மூக்கையும் மண்டையையும் கருவிகொண்டு அளந்தவர்! படித்து நகைத்தேன். முதல் உலகப் போர்க் காலத்தில் டிரோபிரியாண்ட் தீவு மக்களின் குடிசைகளுக்கிடையே கூடாரமிட்டுத் தங்கிய மாலினோவ்ஸ்கியைப் படித்து வியந்தேன். நானும் அவ்வாறே காண்பேன் என்று இறுமாந்தேன்.

நாற்பது நாட்கள் தங்கினேன். எனக்கு வாய்த்த பெரும் புலவர், சேரியில் வாழும் எழுபது வயது உழவுத் தொழிலாளி. நெல்வகைகள், பழைய கூலி அளவுகள், நடவுப் பாட்டு, குலதெய்வக் கதைகள் - கேட்டதெல்லாம் சொன்னார். நான் திண்ணையில் அமர்ந்திருந்தேன்; அவர் கீழே நின்றிருந்தார். அவர் சொன்னதை எழுதினேன். அவர் நின்றதை எழுதவில்லை!

இறுதி நாள், நன்றி பெருக, அவரைத் தேநீர்க் கடைக்கு அழைத்துச் சென்றேன். கடை என் மாமனுடையது. எனக்குக் கண்ணாடிக் குவளை. அவருக்குக் காகிதக் குவளை. அவர் அதை வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குச் சென்றார். நான் தலைகுனிந்து குடித்து முடித்தேன்.

அன்றிரவு மாமன் சொன்னார்: "மாப்பிள்ளை, நல்லதை மட்டும் எழுது. ஊர் பேரு கெட்டுடக் கூடாது."

எழுதினேன்: 'இவ்வூரில் குவளை வேற்றுமை மறைந்துவிட்டது.' ஆய்வேட்டுக்கு உயர்ந்த மதிப்பெண் கிடைத்தது. தீண்டாமை ஒழிக்கப்பட்டதென 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு முழங்குகிறது. அந்தச் சட்டத்தையும் என் மாமன் கடையையும் ஒரே வரியில் சமாதானப்படுத்திவிட்டேன்! என்னே என் திறமை!

பின்னர்ப் படித்த இரு செய்திகள் என் உறக்கத்தைப் பறித்தன. 1961-62-இல் தஞ்சை மாவட்டச் சிற்றூரொன்றில் ஆய்வு செய்த ஆந்த்ரே பெத்தேல் அக்கிரகாரத்தில் தங்கியவர். அதனால் ஆதிதிராவிடரிடம் நெருங்கும் வாய்ப்பு தமக்குக் குறைந்ததை, 1965-இல் வெளிவந்த நூலிலேயே ஒப்புக்கொண்டார். மாலினோவ்ஸ்கியோ, தீவு மக்கள்மீது தமக்கெழுந்த எரிச்சலையும் இகழ்ச்சியையும் தம் நாட்குறிப்பில் எழுதியிருந்தார். அவர் மறைந்து கால் நூற்றாண்டுக்குப் பின், 1967-இல், அது அச்சேறியது. அவர் தனிக் குறிப்பிலேனும் உண்மை எழுதினார். நான் அதிலும் எழுதவில்லையே!

தர்ஸ்டனிடம் கருவி இருந்தது. என்னிடம் திண்ணை இருந்தது. உயரத்திலிருந்து பார்ப்பதில் இருவரும் ஒருவரே அல்லவா!

சென்ற கோடை விடுமுறையில் மீண்டும் சென்றேன். இம்முறை திண்ணைக்கல்ல, பெரியவரின் குடிசைக்கு. அவருடன் பாயில் அமர்ந்து, குவளை பற்றிப் புதிதாய் எழுதிய பகுதியைப் படித்துக் காட்டினேன். 'பெரியவர் மரத்தடியில் நின்று தேநீர் அருந்தினார்' என்ற வரி வந்ததும் கையமர்த்தினார்.

"குடிக்கலை, தம்பி. மரத்து வேருல ஊத்திட்டேன். நீங்கதான் திரும்பிப் பாக்கலையே!"

தோழர்களே, நாற்பது நாள் ஆய்வில் நான் காணத் தவறிய பெரும் செய்தி அதுவே! பணிந்து போனார் என்று எண்ணினேன், அவர் மறுத்திருக்கிறார். என் வெட்கம் என் கண்ணை மறைத்தது. வெட்கப்பட்டவன் பார்க்கவில்லை, பார்க்காதவன் எழுதினான்!

வரியைத் திருத்தினேன். கடை என் மாமனுடையது என்பதையும் சேர்த்தேன். படியொன்றைப் பெரியவரிடமும் இன்னொன்றை மாமனிடமும் தந்தேன். அன்றுமுதல் மாமன் என்னோடு பேசுவதில்லை. அம்மா கண் கலங்குகிறாள். அந்தக் கலக்கம் என்னை வருத்துகிறது. எனினும் வரியை அழிக்க மனமில்லை.

ஊரை ஆராயப் புறப்படும் இளைஞனே! ஏட்டைத் திறக்குமுன் நீ அமர்ந்திருக்கும் இடத்தைப் பார். உன் கையிலுள்ள குவளையைப் பார். பிறகு, தலை குனியாமல், மரத்தடியைப் பார்!