குழந்தையின் நடையில் கொச்சி



விடுமுறை என்றாலே கன்வென்ஷன் என்று எண்ணி வளர்ந்தவன் என் மகன். ஊழியத்தின் நிமித்தம் அவனை நான் ஓய்வாக ஒரு கடற்கரைக்குக்கூட அழைத்துச் சென்றதில்லை. இன்று அவன் சென்னையில் வேலை பார்க்கிறான். அவனுக்கு ஒரு வயது எட்டு மாதத்தில் ஆண்பிள்ளை ஒன்று உண்டு. சென்ற ஆண்டு அக்டோபரில், "அப்பா, இந்த முறை எல்லாரும் சேர்ந்து நாலு நாள் எங்கேயாவது போய்வருவோம்" என்றான். அந்த 'எல்லாரும்' என்ற சொல் என் உள்ளத்தைத் தொட்டது.

பனியைப் பார்க்க மணாலிக்குப் போகலாம் என்பது அவனுடைய முதல் விருப்பம். ஆனால் பருவத்தின் தொடக்கத்தில் அங்கே பனி விழும் என்பதற்கு உறுதியில்லை. ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்துக் குளிரும், மலைப்பாதையில் நெடுநேரக் கார்ப் பயணமும் அவ்வளவு சிறிய பிள்ளைக்கு ஏற்றவையல்ல. ஆகவே போர்ட் கொச்சியைத் தெரிந்துகொண்டோம். சென்னையில் இரவு ரயில் ஏறினால் காலையில் எறணாகுளம். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ரயிலில் பயணச்சீட்டும் வேண்டியதில்லை.

கொச்சியிலும் ஒரு பருவத் தொடக்கம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெருமழை. டிசம்பரில் வெளியூர்க் கூட்டம் பெருகும். ஆண்டின் கடைசி இரவில் 'பாப்பாஞ்ஞி' என்னும் பெரிய உருவத்தை எரிக்கும் திருவிழாவின்போது தெருக்களில் கால் வைக்க இடமிராது. இடைப்பட்ட அக்டோபர், நவம்பரில் அறைகள் எளிதாய்க் கிடைக்கும், வாடகையும் குறைவு. மலையாளிகள் 'துலாவர்ஷம்' என்று சொல்லும் இடிமழை அந்நாட்களில் பெரும்பாலும் பிற்பகலில் வரும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

நான் எழுதிய நிகழ்ச்சி நிரல்

பயணத்திட்டத்தை எழுதும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். காலை ஒன்பது மணிக்குப் புனித பிரான்சிஸ் ஆலயம், பத்தரைக்குச் சாந்தா குரூஸ் பேராலயம், பன்னிரண்டுக்கு மட்டாஞ்சேரி அரண்மனை, இரண்டுக்கு யூத ஜெபஆலயம், ஐந்துக்குச் சீன வலைகள். வாசித்துக் காட்டினேன். மகன் சிரித்தான். என் மருமகளோ ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "மாமா, இதில் பிள்ளை எப்போது தூங்குவான்?"

நான் பதில் சொல்லவில்லை. சிறிது எரிச்சலும் அடைந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலை இறங்கினோம். இரவெல்லாம் ரயிலில் சரியாக உறங்காத பிள்ளையுடன் பத்து மணிக்குப் பிரான்சிஸ் ஆலயத்தில் நின்றோம். 1503-ல் போர்ச்சுக்கீசியர் மரத்தால் கட்டி, 1516-ல் கல்லால் எடுத்துக் கட்டிய ஆலயம் அது. 1524-ல் கொச்சியில் மரித்த வாஸ்கோ டகாமாவை இங்கேதான் அடக்கம் பண்ணினார்கள். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் அவருடைய எலும்புகள் லிஸ்பனுக்குக் கொண்டுபோகப்பட்டன. 1663-ல் டச்சுக்காரர் கைக்கும், 1795-ல் ஆங்கிலேயர் கைக்கும் மாறி, இன்று தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயமாக நிற்கிறது. இவற்றையெல்லாம் நான் விவரித்துக்கொண்டிருந்தேன். கேட்பார் ஒருவருமில்லை. பிள்ளை தாயின் தோளில் அழுதுகொண்டிருந்தான்.

அப்படியும் நான் விடவில்லை. பேராலயத்தைச் சுற்றிவந்து, நடுவெயிலில் ஆட்டோ ஏறி மட்டாஞ்சேரி சென்றோம். அரண்மனை பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை. விசாரிக்காமல் வந்த குற்றம் என்னுடையதே. திரும்பும் வழியில் பிள்ளை வாந்தி எடுத்தான். இரவில் உடம்பு அனலாய்க் கொதித்தது.

முழங்காற்படியிட்டு ஜெபித்தோம். ஜெபித்து எழுந்ததும் மருமகள் தன் பையைத் திறந்தாள். காய்ச்சல் மருந்து, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், வெப்பமானி, பிள்ளையின் எடைக்குத் தக்க அளவை மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டு என எல்லாம் ஒழுங்காய் இருந்தன. 'ஜெபித்துப் புறப்படுகிறவர்களுக்கு மருந்துப்பை எதற்கு' என்று கேட்கும் விசுவாசிகள் நம்மிடையே உண்டு. அவள் அந்தப் பையை ஆயத்தம்பண்ணியது அவிசுவாசத்தினால் அல்ல. தேவன் தன் கையில் ஒப்புவித்த பிள்ளையைக்குறித்த உண்மையினாலேயே.

மறுநாள் காலை குழந்தை மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். "வெயிலும் அலைச்சலும்தான். நீர் கொடுங்கள், தூங்கவிடுங்கள்" என்றார். மருமகள் எழுதாமலே அறிந்திருந்ததை அவர் சொன்னார்.

யாக்கோபு அறிந்தது

அன்று பகல் முழுவதும் பிள்ளை உறங்கினான். நான் வராந்தாவில் அமர்ந்து ஆதியாகமம் 33-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். இருபது வருஷங்களுக்குப்பின் சந்தித்த ஏசா, சேர்ந்து போவோம் வா என்கிறான். யாக்கோபு தாழ்மையாய் மறுக்கிறான். பிள்ளைகள் இளையவர்கள், ஆடுமாடுகளோ பால்கொடுப்பவை, ஒரே நாள் விரட்டினாலும் மந்தை பிழைக்காது, நீர் முன்னே போம், நான் இவர்கள் நடக்கிறபடி மெதுவாய் வருவேன் என்கிறான். அந்த வேதபகுதியை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் என் வீட்டில் நான் எப்போதும் ஏசாவாகவே முன்னே நடந்திருக்கிறேன் என்பது அன்றுதான் எனக்கு உணர்த்தப்பட்டது.

மருமகளிடம், "உன் கேள்விக்கு அன்றே பதில் சொல்லியிருக்க வேண்டும் அம்மா, என்னை மன்னித்துக்கொள்" என்றேன். அவள் கண் கலங்கினாள். மகன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

மீதி நாட்களைப் பிள்ளையே திட்டமிட்டான். சனிக்கிழமை மாலை காய்ச்சல் தணிந்திருந்தது. சீன வலைகளருகே சிறிது நேரம் அமர்ந்தோம். கயிறுகளில் கட்டிய கற்கள் ஏற்றத்தின் பாரம்போல் ஏறி இறங்க, நாலைந்து பேர் சேர்ந்து இழுக்க, அகன்ற வலை நீரிலிருந்து மெல்ல எழும்புகிறது. அது எழும்பும்போதெல்லாம் பிள்ளை கைதட்டினான். ஞாயிற்றுக்கிழமை ஒரு மலையாளச் சபையில் ஆராதித்தோம். மொழி முழுதும் விளங்காவிட்டாலும் துதி விளங்கிற்று.

திங்கட்கிழமை வெளி என்னுமிடத்திலுள்ள சலவைக்கூடத்திற்குப் போனோம். டச்சுப் படைவீரரின் உடைகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே கையால் துவைத்து, கஞ்சி போட்டு, முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணியைச் செருகி உலர்த்துகிறார்கள். எங்களோடு தமிழிலேயே பேசினார்கள். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நம்மைப் போன்றோருக்கு அது பெரிய ஆறுதல். வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே பிள்ளை ஓட, என் மகன் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடினான். அவன் சிறுவனாயிருந்தபோது நான் காணத் தவறிய காட்சி அது.

அரண்மனைச் சுவரோவியங்களையும், 1568-ல் கட்டப்பட்ட ஜெபஆலயத்தின் நீலநிறச் சீன ஓடுகளையும் நாங்கள் பார்க்கவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை.

புறப்படுவோருக்குச் சில ஆலோசனைகள்

அரண்மனைக்கு வெள்ளியும், ஜெபஆலயத்திற்குச் சனியும் விடுமுறை. வெள்ளி பிற்பகலிலும் ஜெபஆலயம் திறந்திராது. ஆகவே ஞாயிறு ஆராதனையை முடித்து இரவில் புறப்படுவது நலம்.

நாளொன்றுக்கு ஓர் இடம் போதும். காலையில் வெளியே சென்று, பிற்பகல் மழை நேரத்தில் பிள்ளையை உறங்கவைத்து, மாலையில் கடலோரம் போங்கள். அங்கே குளிக்க வேண்டாம். கப்பல்கள் போகும் ஆழமான நீர்வழி அது.

எறணாகுளத்திலிருந்து ஆட்டோவில் நெரிசலில் போவதைவிட, 2024 முதல் உயர்நீதிமன்றத் துறையிலிருந்து போர்ட் கொச்சிக்கு வரும் வாட்டர் மெட்ரோ படகு சிறந்தது. துறையின் மிதக்கும் மேடை படகின் மட்டத்திலேயே நிற்பதால் பிள்ளையின் தள்ளுவண்டியையும் எளிதாய் ஏற்றலாம்.

கொசுவலை கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். கொச்சியின் கொசுக்கள் பேர்பெற்றவை. உணவகங்களில் பதிமுகப் பட்டையிட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு வெந்நீர் தருவார்கள். இடியாப்பமும் அவித்த நேந்திரம்பழமும் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றவை.

எல்லாவற்றிற்கும் மேலாக, திட்டம் எழுதுமுன் பிள்ளையின் தாயைக் கேளுங்கள்.

பிள்ளைகளின் நடை மெதுவானது. ஆனால் அந்த நடை நம் வீட்டில் நெடுநாள் இராது. இருக்கும்போதே அவர்களோடு நடக்கக் கர்த்தர் நமக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.