சம்பளம் பத்திரம், மனை?

விடுப்பில் ஊருக்குப் போனால் இந்த விசாரிப்பிலிருந்து தப்ப முடியாது: "அரபிக்காரன் சம்பளமெல்லாம் ஒழுங்கா குடுக்குறானா?" குரலில் பாதி அக்கறை, பாதி "எங்க குடுக்கப்போறான்" என்ற நிச்சயம். இந்தத் தடவை கேட்டவர் ஒரு தனியார் பள்ளி வாத்தியார். அவருக்கே இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

அமீரகத்தில் 2009-லிருந்து சம்பளப் பாதுகாப்பு முறை ஒன்று இருக்கிறது. எங்கள் பேச்சில் டபிள்யூபிஎஸ். கவரில் போட்டுக் கொடுத்துவிட்டேன் என்று முதலாளி கதைவிட முடியாது. யாருக்கு எவ்வளவு என்ற பட்டியலோடு பணம் வங்கி வழியாகவோ எக்ஸ்சேஞ்ச் வழியாகவோதான் வர வேண்டும். அந்தப் பட்டியலைத் தொழிலாளர் அமைச்சகமும் பார்க்கும். தேதி தாண்டிப் 15 நாள் ஆனால் தாமதம் என்று பதிவாகும். அதற்கு மேலும் இழுத்தால் கம்பெனிக்குப் புது ஆள் எடுக்கப் பர்மிட் கிடையாது. நான் மெச்சுவது இந்தச் சூட்சுமத்தைத்தான். சம்பளம் வராதவன் புகார் எழுதப் பேனா தேடும் முன்பே கணினிக்குத் தெரிந்துவிடுகிறது. பர்மிட் நின்றால் கான்ட்ராக்டருக்குத் தொழிலே நின்றுவிடும். தர்மம் போதிக்காமல் வலிக்கிற இடத்தில் கை வைத்திருக்கிறார்கள். 2024 முதல் 50,000 திர்ஹம் வரையிலான தகராறுகளை அமைச்சகமே முடித்துவைக்கலாம். 1,00,000 திர்ஹம் வரை கேட்டு வழக்குப் போடும் தொழிலாளிக்குக் கோர்ட் கட்டணமும் இல்லை.

ஓட்டை இல்லாமல் இல்லை. கார்டில் சம்பளம் ஏறிய அன்றே கேம்ப் வாசலில் நின்று, "விசா செலவு" என்று ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஃபோர்மேன்கள் உண்டு. பணிக்கொடை, முதல் 5 வருடத்துக்கு வருடம் 21 நாள் சம்பளம், அப்புறம் 30 நாள். கணக்கு பேசிக் சம்பளத்தில். ஆகவே பேசிக்கை ஒட்ட நறுக்கி, மீதியை அலவன்ஸ் தலையில் கட்டுவார்கள். பக்கத்துச் சவுதியில் 2016-ல் சவுதி ஓஜர் என்ற கட்டுமானக் கம்பெனி தள்ளாடியபோது, இந்தியத் தொழிலாளர்கள் முகாம்களில் சாப்பாட்டுக்கே வழியின்றி நின்று, பாக்கியை விட்டுவிட்டு விமானம் ஏறியதை யார் மறப்பார்?

ஆனாலும் என் ஆத்திரம் ஊர் மேல்தான். ஏடிஎம் வரை இத்தனை கண்கள் காவல் காத்த பணம், ஊரில் மனையாக மாறியதும் அனாதை. என் அறைத்தோழர் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். திருச்சிப் பக்கம் அவர் வாங்கிப் போட்ட மனைக்கு, அவர் பேரிலேயே யாரோ பவர் எழுதிக் கொடுத்து, அதை வைத்து இன்னொருவருக்குக் கிரையமும் ஆகிவிட்டது. தற்செயலாக வில்லங்கம் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பத்திர நகலை வாங்கினால், பெயர், அப்பா பெயர், கதவு எண் எல்லாம் சரி. போட்டோவில் மட்டும் வேறு முகம். கைரேகை வைத்ததாகச் சொன்ன தேதியில் இவர் இங்கே மொட்டைமாடியில் கம்ப்ரசர் கழற்றிக்கொண்டிருந்தார்.

ஊரை ஒரேயடியாக ஏசவும் மனசு வரவில்லை. அங்கே திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம், கேட்காவிட்டால் வாசலிலேயே உட்காரலாம். இங்கே கூட்டமாக வேலையை நிறுத்தினால் கையில் டிக்கெட்டைக் கொடுத்துவிடுவார்கள். அந்த உரிமையை நான் எந்த டபிள்யூபிஎஸ்ஸுக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் உட்காருவதற்கு ஆள் ஊரில் இருக்க வேண்டுமே. ஜனவரி 12, தமிழக அரசு கொண்டாடும் அயலகத் தமிழர் தினம். மேடை, பொன்னாடை, நாங்கள் அனுப்பும் பணத்துக்குப் பாராட்டு. அந்தப் பணத்தில் வாங்கிய சொத்து கைமாறும்போது, முதலில் வாங்கியவனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்க ஏற்பாடு செய்தால் பொன்னாடையை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

அறைத்தோழர் பதிவு அலுவலகத்துக்குப் போன் போட்டார். "சொத்துக்காரர் அடையாள அட்டையோட நேர்ல வரணும் சார்" என்றார்களாம். பவர் எழுதிக் கொடுத்தவனும் அடையாள அட்டையோடு நேரில்தான் வந்திருந்தான்.