ரிச்சி ஸ்ட்ரீட்டும் 48 நம்பரும்

மவுன்ட் ரோட்டுல அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, சார்ஜர், கேபிள்னு கூவுற சத்தத்தைப் பிடிச்சே நடங்க. ரிச்சி ஸ்ட்ரீட் வந்துடும். (ஞாயித்துக்கிழமை மட்டும் போய் ஏமாந்துடாதீங்க!)

நான் போனப்போ கையில லேப்டாப். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் மொத்தமும் உள்ளே. ஸ்க்ரீனோ நீலமா 'பிட்லாக்கர் கீ' கேட்குது. ஜிமெயில் பாஸ்வேர்டையும் எவனோ மாத்திட்டான்.

முதல் கடை: "ஃபார்மட் பண்ணிடலாம் தம்பி." ப்ராஜெக்ட்? "அது போயிடும்." இதைக் கேட்கவா மெட்ரோ ஏறி வந்தேன்?

மாடிப்படிக்குக் கீழே ஸ்டூல் போட்டிருந்த அண்ணன் ஸ்க்ரூடிரைவரையே தொடலை. "பயாஸ் அப்டேட் ஆனாலே இது கேட்கும். கீ 48 நம்பர், உன் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டுல இருக்கும். அதைத் திறக்க ஜிமெயில் வேணும். எப்போ போச்சு?"

மூணு நாளாச்சுண்ணே.

"அப்போ ஓடு! ரெக்கவரி நம்பரை அவன் மாத்தியிருந்தாலும், 7 நாள் வரை பழைய நம்பருக்கு கோடு வாங்க கூகுள் வழி விடலாம். எப்பவும் யூஸ் பண்ற போன்ல, வீட்டு வைஃபைலயே ட்ரை பண்ணு."

காசு வாங்கலை. டீ மட்டும் குடிச்சார்.

ராத்திரி 11 மணிக்கு கோடு வந்துச்சு. போனைப் பார்த்து அம்மா ஆறு ஆறா நம்பர் படிக்க, நான் தட்டினேன்.