மூன்றாவது தட்டு

நம் மன்ற இதழுக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று இதழாசிரியர் சென்ற மாதம் கேட்டார். இயற்பியல் முதுகலை படிப்பவன் அணுவைப் பற்றியோ ஒளியைப் பற்றியோ எழுதுவான் என்று அவர் எண்ணியிருக்கலாம். நான் எழுத வந்தது ஒரு வெள்ளித் தட்டைப் பற்றி. உண்ணும் தட்டு அன்று. கணிப்பொறியில் இடும் குறுந்தட்டு. அதை நான் மூன்று முறை செய்தேன். முதல் முறை தோற்றதற்கு என் அறியாமை காரணம். இரண்டாம் முறை தோற்றதற்கு என் கெட்டிக்காரத்தனம் காரணம்.

என் தாய்மாமன் மட்டாஞ்சேரியில் ஒரு கடை வைத்திருக்கிறார். மிளகும் சுக்கும் மணக்கும் பஜார் ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஓர் அச்சுப்பொறி, அவ்வளவே கடை. தென்காசிப் பக்கத்திலிருந்து கிடங்கு வேலைக்கு வந்தவர் அவர். தமிழில் அழைப்பிதழ் அடித்துக் கொடுக்க இங்கே ஆள் குறைவு என்பதைக் கண்டு இத்தொழிலில் இறங்கினார். மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் தமிழர்கள் பல தலைமுறையாக வாழ்கிறார்கள் என்பது நம் வளாகத்தில் பலருக்குத் தெரியாது. தோபிக்கானாவைச் சுற்றுலாப் பயணிகள் படம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே துணி வெளுப்பவர்கள் தமிழ் பேசும் குடும்பத்தினரே. இப்படிப்பட்ட குடும்பங்களின் திருமணம், காதுகுத்து, கோயில் கொடை, பதினாறாம் நாள் எல்லாம் மாமாவின் மேசையைக் கடந்துதான் போகும்.

அந்த மேசையில் உண்மையில் வேலை செய்தவர் என் அத்தை. மாமாவுக்கு வாடிக்கையாளரோடு பேசத் தெரியும். தட்டச்சு செய்ய வராது. 2021இல் அத்தை காலமான பிறகு மாமா இரண்டு விரலால் தட்டத் தொடங்கினார்.

கடையிலிருந்த கணிப்பொறியில் இயங்கியது விண்டோஸ் எக்ஸ்பி. 2001 அக்டோபரில் வெளிவந்த இயங்குதளம் அது. அதை ஆக்கியவர்கள் 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை நிறுத்திவிட்டார்கள். ‘இன்னுமா அதை வைத்திருக்கிறார்?’ என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். மாமா அழைப்பிதழ் அமைப்பது பேஜ்மேக்கரில். அதன் 7.0ஆம் பதிப்பு 2001இல் வந்தது; அதற்குப் பிறகு பெரிய பதிப்பு எதுவும் வரவில்லை. அவரிடமுள்ள தமிழ் எழுத்துருக்களும் அக்காலத்தவை. ஆங்கில எழுத்துகளுக்கென்று உள்ள 256 அறைகளில் தமிழ் வடிவங்களைக் குடியேற்றி வைத்தவை. அவற்றோடு வரும் விசைப்பலகை நிரல் புதிய இயங்குதளம் எதிலும் அவருக்கு வேலை செய்யவில்லை. இருபது ஆண்டு அழைப்பிதழ்கள் அவ்வாறு கிடக்கின்றன. தந்தையின் திருமணப் பத்திரிகையைத் திறந்து, பெயரை மாற்றி, மகனுக்கு அடித்துக் கொடுத்த கதையும் உண்டு.

சென்ற ஆண்டு இடவப்பாதி மழையில் கடையின் ஈரம் தாங்காமல் அந்தப் பழைய பெட்டி நின்றுபோயிற்று. அதன் வன்தட்டு சில நாள் கரகரவென்று முனகியது. அதற்குள் கோப்புகளை ஒரு பென்டிரைவில் எடுத்துவிட்டோம். ஆடிக் கொடைக்கு ஐந்து வாரம் இருந்தது. மாமா பழைய விலைக்கு வேறு ஒரு பெட்டி வாங்கினார். பிறகு என்னை அழைத்தார். அறிவியல் படிக்கும் மருமகன் இருக்கும்போது வெளியாளுக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

பேருந்திலும் படகிலுமாகப் போய்ச் சேர்ந்தேன். அத்தை ஒரு பிஸ்கட் டப்பாவில் எக்ஸ்பியின் அசல் தட்டையும் உரிம எண் உள்ள சீட்டையும் பத்திரமாக வைத்திருந்தார். அந்தத் தட்டை இட்டேன். நீலத் திரை வந்தது, கோப்புகள் ஏறின, பிறகு 7பி என்று முடியும் பிழை எண்ணைக் காட்டிவிட்டு எல்லாம் நின்றது. மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் அதே எண்.

காரணம் எளியது. அந்தத் தட்டு 2001இல் செய்யப்பட்டது. பின்னாளில் வந்த வன்தட்டு இணைப்பு முறை அதற்குத் தெரியாது. வீட்டுக்குள் வந்தவன் இருட்டில் நிலைப்பெட்டியைத் தேடிக் காணாமல் திரும்புவது போலத்தான். மேலும், முதல் வெளியீட்டிலிருந்த எக்ஸ்பி ஒரு வன்தட்டில் 137 கிகாபைட்டுக்கு மேல் எண்ணாது. 28 பிட்டுகளில் முகவரி எழுதினால் 2இன் 28ஆம் அடுக்கு வரை எழுதலாம். ஒவ்வொரு முகவரியிலும் 512 பைட்டு. பெருக்கிப் பாருங்கள், அந்த 137 வரும். மாமா வாங்கிய பெட்டியில் இருந்ததோ 320. முன்பெல்லாம் நிறுவும்போது எஃப்6 விசையை அழுத்தி, இயக்கி நிரலை நெகிழ்தட்டிலிருந்து ஊட்டுவார்கள். இந்தப் பெட்டியில் நெகிழ்தட்டுக்கு வாயே இல்லை.

ஆகவே செய்யவேண்டியது, பழைய தட்டின் உள்ளடக்கத்தை எடுத்து, அதற்குப் பின் வந்த திருத்தங்களை அதற்குள்ளேயே கலந்து, இயக்கியையும் சேர்த்து, புதுத் தட்டாக எழுதுவது. எக்ஸ்பிக்கு மூன்று பெரும் திருத்தத் தொகுப்புகள் வந்தன: 2002, 2004, 2008. மூன்றாவது முந்தைய இரண்டையும் தன்னுள் கொண்டது. ஏறத்தாழ 316 மெகாபைட்டு. அது என் பழைய வன்தட்டு ஒன்றில் இருந்தது. தட்டிலுள்ள கோப்புகளை ஒரு கோப்புறையில் படியெடுத்து, ‘இதனுள் ஒருங்கிணை’ என்று ஒரே கட்டளை கொடுத்தால் பழைய கோப்புகள் இருந்த இடத்தில் புதியவை அமர்ந்துகொள்ளும். மாவைக் கரைத்த பின் உப்பைத் தூவுவதற்கும், அரைக்கும்போதே உப்பிடுவதற்கும் உள்ள வேறுபாடு இது. இயக்கியைச் சேர்க்க என்லைட் என்னும் இலவச நிரல் உதவியது.

எல்லாம் முடிந்தது என்று எண்ணி, கோப்புகளை அப்படியே வெற்றுத் தட்டில் எழுதினேன். மறுநாள் மட்டாஞ்சேரியில் இட்டுப் பார்த்தால் கணிப்பொறி அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

இவ்விடத்தில் சிறிது நின்று சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. குறுந்தட்டில் உள்ள செய்தி 2048 பைட்டு கொண்ட பகுதிகளாகப் பிரிந்திருக்கும். முதல் 16 பகுதிகள் திண்ணை போல் சும்மா விடப்பட்டவை. சுழியிலிருந்து எண்ணினால், 16ஆம் பகுதியில் தட்டின் பெயரும் விவரமும் இருக்கும். 17ஆம் பகுதியில்தான், ‘துவக்க நிரல் இன்ன இடத்தில் உள்ளது’ என்ற குறிப்பு இருக்கவேண்டும். அக்குறிப்பு இல்லாத தட்டு பாட்டுத் தட்டுக்குச் சமம். கணிப்பொறி அதிலிருந்து எழாது. 1995இல் ஐபிஎம், ஃபீனிக்ஸ் ஆகிய நிறுவனங்கள் இம்முறையை வகுத்தன. இதன் பெயர் எல் டொரிட்டோ. கலிஃபோர்னியாவில் உள்ள ஓர் உணவகத்தின் பெயர் அது. வகுத்தவர்கள் அங்கே உண்ணும்போது பேசி முடித்தார்களாம். நம் விடுதி உணவறையில் இதுவரை அப்படி எதுவும் வகுக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

கோப்புகளை மட்டும் படியெடுத்த நான் 17ஆம் பகுதியை மறந்தேன். அது கோப்பாகக் கண்ணில் படாது. அசல் தட்டிலிருந்து அந்தத் துவக்க நிரலைத் தனியே பிரித்தெடுத்தேன். அதன் அளவும் 2048 பைட்டுதான். புதுத் தட்டின் படிமத்தை உருவாக்கும்போது அதையும் பொருத்தினேன்.

இரண்டாவது தட்டு செய்யும்போதுதான் கெட்டிக்காரத்தனம் வந்து சேர்ந்தது. என்லைட்டில் வேண்டாதவற்றை நீக்கும் வசதி உண்டு. மாதிரிப் பாட்டுகள், அறிமுகச் சுற்றுலா என்று ஒவ்வொன்றாகக் களைந்தேன். ‘மொழிகள்’ என்ற தலைப்பு வந்தது. சீனமும் சப்பானியமும் கொரியமும் நிறுவ 230 மெகாபைட்டு வேண்டும். மாமாவுக்கு அவை எதற்கு? தலைப்பையே முழுதாகக் குறியிட்டு நீக்கினேன். 700 மெகாபைட்டுத் தட்டில் எல்லாம் வைத்தாலும் இடம் மிஞ்சியிருக்கும். தேவை எதுவும் இல்லை. திறமை காட்டும் ஆசைதான்.

அந்தத் தட்டு துவங்கியது. நாற்பது நிமிடத்தில் எக்ஸ்பி ஏறி நின்றது. பேஜ்மேக்கர், எழுத்துருக்கள், விசைப்பலகை நிரல் எல்லாம் ஒழுங்காக அமர்ந்தன. பழைய கொடை நோட்டீசு ஒன்றைத் திறந்தோம். ஓர் எழுத்தும் பிசகவில்லை. மாமா எனக்கு உள்ளிவடையும் தேநீரும் வாங்கிவரச் சொன்னார்.

பிறகு, “அத்தையோட வரிக் கணக்கைத் தொற பாப்போம்” என்றார்.

கோயில் கொடைக்கு வரி தரும் குடும்பங்களின் பட்டியல் அது. இருநூற்றுக்கு மேற்பட்ட பெயர்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், யார் மகன், யார் இப்போது இல்லை என்ற குறிப்புகளும் உண்டு. மாமா ஆண்டுதோறும் அதைத் திறந்து வைத்துக்கொண்டு நோட்டீசுக்குப் பெயர் அடிப்பார். கடைசிக் காலத்தில் அத்தை மகளிடம் யூனிகோடு முறையில் தட்டச்சு கற்று, சாதாரண நோட்பேடில் அதை எழுதியிருந்தார்.

திறந்தேன். திரை முழுதும் கட்டங்கள். சிறு சிறு வெற்றுக் கட்டங்கள், வரிவரியாக.

எழுத்துரு இல்லை போலும் என்று, வேறு கணிப்பொறியிலிருந்து லதா எழுத்துருவைக் கொணர்ந்து இட்டேன். கட்டங்கள் எழுத்துகளாயின. ஆனால் என்ன எழுத்துகள்! செல்லையாவின் கொம்பு ‘ச’வுக்கு முன்னே நிற்காமல் பின்னே நின்றது. பேச்சியம்மாளும் வேலம்மாளும் அவ்வாறே. முத்துவின் உகரக்குறி எழுத்தோடு ஒட்டாமல் விலகிக் கிடந்தது. யூனிகோடில் மெய்யெழுத்தை முதலில் வைத்துக் கொம்பைப் பின்னால்தான் சேமிப்பார்கள். அதை முன்னே கொண்டுவந்து நிறுத்துவது இயங்குதளத்தின் வேலை. அந்த வேலையைச் செய்ய எக்ஸ்பிக்குத் தனியே சில கோப்புகள் வேண்டும். அமைப்புப் பலகத்தில் மொழிப் பகுதிக்குச் சென்று ஒரு கட்டத்தைக் குறியிட்டால் அவை ஏறும். அரபி, ஆர்மீனியம், ஹீப்ரு, தாய், வியத்நாமியம், இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அது கேட்பது 10 மெகாபைட்டு.

குறியிட்டேன். ‘எக்ஸ்பி தட்டை இடுக’ என்றது திரை. நான் செய்த தட்டை இட்டேன். தேடியது, இல்லை என்றது. ஐ386 என்ற கோப்புறைக்குள் லாங் என்ற சிறு கோப்புறையில் இருக்கவேண்டியவை அவை. அதைத்தான் நான் களைந்திருந்தேன்.

மாமா திரையைக் குனிந்து பார்த்தார். “என்ன மருமவனே, ஒன் அத்தை எழுதுனது இப்படியா இருந்துச்சு?” என்றார். கோபமில்லை. அத்தை தவறாக எழுதிவிட்டாளோ என்று ஐயுற்றார். அதுதான் எனக்குச் சுட்டது.

என் கைபேசியில் அதே கோப்பைத் திறந்து, சரியாக இருப்பதைக் காட்டினேன். “அது ஒன் போன்ல இருக்கு. கடையில இல்லியே” என்றார். உள்ளிவடை ஆறிப்போயிற்று.

மாமா மகள் பத்தாம் வகுப்பு மாணவி. அவள்தான், “அத்தான், எங்க ஸ்கூல் தட்டைப் போட்டா என்ன?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. கேரள அரசின் ஐடி@ஸ்கூல் திட்டம் 2001இல் தொடங்கியது. 2017இல் கைட் என்ற நிறுவனமாயிற்று. பள்ளிகளுக்கு வேண்டிய பாட நிரல்களையும் மொழி வசதிகளையும் உபுண்டுவில் சேர்த்துத் தாங்களே நிறுவல் தட்டு ஆக்கித் தருகிறார்கள். 2019இல் வெளியிட்டது உபுண்டு 18.04ஐ அடிப்படையாகக் கொண்டது. நான் ஒரு கடைக்குச் செய்ததை அவர்கள் ஒரு மாநிலத்துக்குச் செய்கிறார்கள். நான் களைந்ததை அவர்கள் சேர்க்கிறார்கள். மாமாவின் அழைப்பிதழ்கள் எல்லாம் யூனிகோடுக்கு மாறும் நாளில் அவள் சொன்னபடியே செய்யலாம். ஆடிக்கு மூன்று வாரமே இருந்ததால் அந்த நாள் அது அன்று.

விடுதிக்குத் திரும்பி அன்றிரவே மூன்றாவது தட்டைச் செய்தேன். எதையும் நீக்கவில்லை. மொழிக் கோப்புகள் தொடக்கத்திலேயே ஏறும்படி நிறுவல் விடைக் கோப்பிலும் குறித்தேன். எழுதி முடித்த பின் ஒவ்வொரு கோப்பையும் ஒப்பிட்டுச் சரிபார்த்தேன். அதற்கு முன் இரண்டு முறை நான் செய்யாத வேலை அது.

சனிக்கிழமை கடையில் மறுபடி நிறுவினோம். இணையக் கம்பியைப் பெட்டியில் செருகவில்லை. பாதுகாப்புத் திருத்தம் வராத இயங்குதளத்தை வலையில் இணைப்பது கதவைத் திறந்துவிட்டு உறங்குவதற்கு ஒப்பு. பட்டியலைத் திறந்ததும் செல்லையாவின் கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. மாமா மேலிருந்து கீழாகப் பெயர்களை வாய்விட்டுப் படித்தார். இடையில் ஓரிடத்தில் நிறுத்தினார். தம் தந்தையின் பெயருக்கு எதிரே அத்தை, ‘இவர் பங்கை நாங்களே கொடுப்பது’ என்று எழுதி வைத்திருந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு விரலால் நோட்டீசு அடிக்கத் தொடங்கினார். நான் படகுக்குப் போனேன்.

தட்டின் படி ஒன்று பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. மற்றொன்று என் அறையில். ஊரில் இவ்வாறு பழைய பெட்டியும் பழைய தமிழ்க் கோப்பும் வைத்திருக்கும் நண்பர்கள் வந்து கேட்கலாம். செய்யும் முறையைச் சொல்லித் தருகிறேன். அசல் தட்டையும் உரிமச் சீட்டையும் அவரவரே கொண்டுவர வேண்டும்.