மொழி தெரியாமல் பார்த்த படம்

சினிமா பார்ப்பது கூடுமா, கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்லன். என் சிறு பராயத்தில் எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒன்றை எடுத்துரைக்கவே இதை எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது கொழும்பு மருதானையில். வீட்டில் தமிழ், தெருவில் சிங்களம், ஓதற்பள்ளியில் அரபு. ஹிந்தி எங்களுக்கு அந்நிய தேசத்து மொழி. ஆயினும் அம்மொழிப் பாடல்கள் எங்கள் ஊரிலிருந்தே இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்தன என்பது வேடிக்கையான உண்மை. 1952ஆம் ஆண்டளவில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கி வைத்தபோது, இலங்கை வானொலியின் ஹிந்திச் சேவை அவற்றை அள்ளி வழங்கியது. அவ்வாண்டின் இறுதியில் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' நிகழ்ச்சியை அமீன் சயானி பம்பாயில் ஒலிப்பதிவு செய்வார். அது கொழும்புக்கு வந்து, இங்கிருந்து மீண்டும் இந்திய வீடுகளுக்குப் பறக்கும். புதன்கிழமை இரவுகளில் அதனைக் கேட்டு வளர்ந்தவர் என் உம்மா. ஒரு சொல்லுக்கும் பொருள் அறியாமலே முஹம்மத் ரஃபியின் பாடல்களைத் தையல் இயந்திரத்தின் ஓசையோடு முணுமுணுப்பார்.

எனக்கு ஏழு வயதாயிருக்கையில் வாப்பா மௌத்தாகிவிட்டார். அந்தத் தையல் இயந்திரமே என்னையும் ராத்தாவையும் வளர்த்தது.

1985ஆம் ஆண்டு. கத்தியவாரிலிருந்து முன்னோர் காலத்தில் வியாபாரத்திற்கு வந்து குடியேறிய மேமன் குடும்பமொன்று எங்கள் அடுத்த வீட்டில் இருந்தது. சவூதியில் தொழில் புரிந்த அவ்வீட்டு மகன் வீடியோ டெக் ஒன்றை அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் இஷாவுக்குப் பின் அயல் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அங்கே பாய் விரித்து அமர்வோம். உருது தெரிந்த அவ்வீட்டு மாமிதான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர்.

நாங்கள் முதன்முதலில் பார்த்த படத்தின் பெயர் 'வக்த்'. 1965இல் வெளிவந்தது. ஐந்து வக்துத் தொழுகையைப் பற்றிய மார்க்கப் படம் என்றெண்ணிய ராத்தா, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அடக்கமாக அமர்ந்தாள். படமோ நிலநடுக்கத்தில் சிதறிப்போன ஒரு குடும்பத்தின் கதை! வேறொரு படத்தில் ஒருவர் 'கபர்' என்றதும், மையித்து எங்கே என்று நாங்கள் திரையில் தேடினோம். செய்தி என்பதைத்தான் அவர்கள் அவ்வாறு சொல்கின்றனர் என்று மாமி விளக்கியபோது கூடமே சிரித்தது.

ஆயினும் அந்தத் தவறுகளே எங்களுக்கு வாசலைத் திறந்தன. துனியா, துஆ, இன்ஸான், நஸீப், குர்பானி என்று நம் வீடுகளில் புழங்கும் சொற்கள் அந்த அந்நிய மொழிக்குள் அங்கங்கே மின்னின. ஷகீல் பதாயூனி, ஸாஹிர் லுதியான்வி, மஜ்ரூஹ் சுல்தான்பூரி போன்ற உருதுக் கவிஞர்கள் அப்பாடல்களை எழுதியதே இதற்குக் காரணம் என்று பின்னாளில் அறிந்தேன். அன்றோ கூட்டத்தில் சொந்தக்காரரைக் கண்ட மகிழ்ச்சி மட்டுமே இருந்தது.

அவ்வாண்டுப் பாடசாலை விடுமுறையில் புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு நாள், தூர ஊரிலிருந்து வந்த வயோதிபப் பெண் ஒருவர் மீதிக் காசை வாங்க மறந்து சென்றார். இருபது ரூபாய். நான் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை பிற்பகல் சட்டையைத் துவைக்க எடுத்த உம்மாவின் கையில் அந்த நோட்டு அகப்பட்டது. எங்கிருந்து வந்தது என்று கேட்டார். கிடந்து எடுத்ததாகச் சொன்னேன். உம்மா அதற்கு மேல் எதுவும் பேசவில்லை.

அன்றிரவு மாமி வீட்டில் போட்ட படம் 'மதர் இந்தியா'. மெஹ்பூப் கான் 1957இல் எடுத்தது. வட்டிக்காரனிடம் பட்ட ஐந்நூறு ரூபாய்க் கடனுக்கு விளைச்சலில் முக்காற் பங்கைக் கொடுக்கும் குடும்பம். இரு கைகளையும் இழந்த கணவன் வீட்டை விட்டுப் போய்விட, பசித்த பிள்ளைகளோடு மண்ணைக் கிளறும் ராதாவாக நர்கிஸ் நடித்திருந்தார். மாமி வழக்கம்போல் விளக்கத் தொடங்கினார். உம்மா அவர் கையைப் பற்றி, "வேண்டாம் மாமி, விளங்குகிறது" என்றார். முடிவில் வட்டிக்காரனின் மகளைத் தூக்கிச் செல்லும் தன் இளைய மகனைத் தாயே துப்பாக்கியால் சுடுகிறாள். கூடத்திலிருந்த பெண்களெல்லாம் விம்மினர். உம்மா மட்டும் அழாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் உண்மையைச் சொன்னேன்.

"அந்தப் பெண் ஊர்ப்பிள்ளையின் மானத்துக்காகப் பெற்ற மகனையே இழந்தாள். உன்னை முதலாளியிடம் கொண்டு போவதற்குக்கூட எனக்குத் தைரியம் வேண்டாமா, மகன்?" என்றார் உம்மா.

மறுநாட் காலை பஸ்ஸில் அவர் என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. முதலாளி நோட்டைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். அந்தப் பெண் அன்றே திரும்பி வந்து கேட்டதாகவும், தாம் நம்பாமல் கடிந்து அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். என் வேலை அத்துடன் போயிற்று. அந்த மாதக் கூலியை நம்பித்தான் உம்மா மளிகைக் கடனைத் தள்ளிப் போட்டிருந்தார் என்பதை ராத்தா பிறகு சொன்னாள். அந்தப் பெண்ணை நாங்கள் கண்டுபிடிக்க இயலவில்லை. அவர் பேரால் உம்மா இருபது ரூபாய் ஸதகா கொடுத்தார்.

பின்னாளில் படித்தபோது, மொழி தெரியாமல் ஹிந்திப் படங்களை நேசித்தவர்கள் நாங்கள் மட்டுமல்லர் என்று கண்டேன். ராஜ் கபூரின் 'ஆவாரா' 1954இல் சோவியத் நாட்டில் திரையிடப்பட்டு அம்மக்களைக் கவர்ந்தது. வட நைஜீரியாவின் கானோ நகரிலே ஹவுஸா மொழி பேசும் முஸ்லிம்கள் 'மதர் இந்தியா'வைப் பல்லாண்டுகள் திரும்பத் திரும்பப் பார்த்தனர். கடன், பசி, தாயின் மானம் ஆகியவற்றை அவர்களும் மொழிபெயர்ப்பின்றியே அறிந்திருப்பார்கள் போலும்.

உம்மா வஃபாத்தாகி ஆண்டுகள் பல கடந்துவிட்டன. அண்மையில் என் மகள் அப்படத்தைத் தன் கைப்பேசியில் எழுத்துகளோடு போட்டுக் காட்டினாள். எழுத்துகளை நிறுத்தச் சொன்னேன்.

"வாப்பா, உங்களுக்கு ஹிந்தி தெரியாதே, எப்படி விளங்கும்?" என்று கேட்டாள்.

அந்த பஸ் பயணத்தை அன்றுதான் அவளுக்குச் சொன்னேன்.