பாடுவோர் பேசலாகாதா?

"பாட வந்தவர் பாடிவிட்டுப் போகவேண்டியதுதானே, அரசியல் அவருக்கு எதற்கு?" என்னும் கேள்வி நம்மிடையே அடிக்கடி எழுவதுண்டு. பாடகர் ஒருவர் தேர்தலைப் பற்றியோ போரைப் பற்றியோ வாய் திறந்துவிட்டால், நேற்றுவரை அவரைக் கொண்டாடியோரே இன்று தூற்றத் தொடங்குகின்றனர். கேள்வி எளிதாகத் தோன்றினும் விடை அத்துணை எளிதன்று. ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கொண்டு இதனை ஆராய்தல் நலமென எமக்குத் தோன்றுகின்றது.

எமது தந்தையார் பேணி வைத்திருந்த ஒலிநாடாக்களுள் போல் றோப்சன் என்பாரின் பாடல்கள் அடங்கிய ஒன்றும் இருந்தது. ஆங்கிலம் நன்கு விளங்காத சிறுவயதிலேயே அந்தக் கனத்த குரல் எம் உள்ளத்தைக் கவர்ந்துவிட்டது. அக்குரலுக்கு உரியவர் பட்ட பாட்டினைப் பல்கலைக்கழகத்திற் பயின்ற காலத்திலேதான் நாம் அறிந்தோம்.

றோப்சன் 1898 ஆம் ஆண்டு அமெரிக்காவிற் பிறந்தவர். அவருடைய தந்தையார் அடிமையாகப் பிறந்து, இளமையிலே தப்பியோடி, பின்னர் கல்வி கற்றுக் கிறிஸ்தவ போதகரானவர். மைந்தரோ கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் சட்டம் பயின்றும், அத்தொழிலை விடுத்து நாடகத்துக்கும் இசைக்கும் வந்தார். 1943 இல் நியூயோர்க் நகரிலே அவர் ஒதெல்லோவாக நடித்த நாடகம் 296 முறை மேடையேறியது. புகழும் பொருளும் குவிந்தன. ஆயினும் அவர் பாட்டோடு நின்றுவிடவில்லை. கறுப்பின மக்களைக் கும்பலாய்ச் சேர்ந்து கொல்வோரைச் சட்டம் தண்டிக்கவேண்டும் என்றார். தொழிற்சங்க மேடைகளில் ஏறினார். சோவியத் நாட்டை வெளிப்படையாகப் புகழ்ந்தார்.

அதன் விலையை அவர் விரைவிலேயே கொடுக்க நேர்ந்தது. 1949 ஓகஸ்ட் 27 இல், பீக்ஸ்கில் என்னும் ஊருக்கு அண்மையில் நடைபெறவிருந்த அவரது கச்சேரி, கும்பலொன்றின் தாக்குதலால் நின்றுபோயிற்று. செப்டெம்பர் 4 இல் ஆதரவாளர்கள் சூழ்ந்து காவல் நிற்க, அவர் பாடி முடித்தார். ஆனால், கேட்டுத் திரும்பியோரின் வாகனங்கள்மீது கற்கள் மழையெனப் பொழிந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அடுத்த ஆண்டு அரசாங்கம் அவரது கடவுச்சீட்டைப் பறித்தது. மண்டபங்கள் அவருக்குக் கதவடைத்தன. 1952 இல், கனடா செல்ல இயலாத அவர், எல்லைக்கோட்டின் அருகே நிறுத்திய பாரவண்டியொன்றின்மீது நின்று பாடினார். இருநாட்டு மக்களும் ஆயிரக்கணக்கிலே திரண்டு கேட்டனர். 1957 இல், அத்திலாந்திக் கடலைக் கடந்து செல்லும் தொலைபேசிக் கம்பி வழியாக, வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளருக்குப் பாடினார். றொக்வெல் கென்ற் என்னும் ஓவியர் தொடுத்த வழக்கிலே, ஒருவரின் கொள்கையைக் காரணங்காட்டிக் கடவுச்சீட்டை மறுக்கும் அதிகாரம் அமைச்சருக்கு இல்லையென 1958 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னரே றோப்சன் வெளிநாடு செல்ல வழி பிறந்தது. அப்போது அவருக்கு வயது அறுபது.

எமது கல்லூரி விவாதக் கழகத்தில் இவ்வரலாற்றை எடுத்துரைத்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், அவர் பேசாமற் பாடிக்கொண்டே இருந்திருந்தால் உலகத்துக்கு இன்னும் எத்தனை பாட்டுகள் கிடைத்திருக்கும்!" என்றான். நியாயமான கவலைதான். ஆனால், அவர் பாடியவற்றுள் பெரும்பகுதி அடிமைகளாய் வாழ்ந்த முன்னோர் தம் துயரிலே பாடிய பாடல்களாகும். அத்துயரைப் பாடுக, அதற்குக் காரணமானவரைப் பற்றிப் பேசற்க என்று ஒருவரிடம் சொல்வது எங்ஙனம் பொருந்தும்? நம் மரபிலும் பாட்டு அரசனுக்கு அஞ்சி ஒதுங்கி நின்றதில்லை. பல்லவ மன்னனின் ஆணையை மறுத்துத் திருத்தாண்டகம் பாடிய நாவுக்கரசர், அதற்காக நீற்றறையில் இடப்பட்டாரெனப் பெரிய புராணம் கூறுகின்றது.

அதே கூட்டத்தில் மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இதனினும் கடினமானது. "அவர் சொன்னவையெல்லாம் சரியா, சேர்?" என்றாள். இல்லை என்பதே எமது விடை. ஸ்டாலினின் பெயரால் வழங்கப்பட்ட சமாதானப் பரிசு 1952 இல் றோப்சனுக்கு அளிக்கப்பட்டது. 1953 இல் ஸ்டாலின் மறைந்தபோது அவரைப் போற்றி எழுதினார். ஸ்டாலின் ஆட்சியின் கொடுமைகளை 1956 இல் குருஷேவே எடுத்துரைத்த பின்னரும், றோப்சன் அவற்றைப் பகிரங்கமாகக் கண்டித்தாரல்லர். தன் மக்களின் துயரை அவ்வளவு நுட்பமாக உணர்ந்தவர் பிற மக்களின் துயரைக் காணத் தவறினாரே என்பது எமக்கு இன்றும் வருத்தந் தருகின்றது. எனினும், பேச்சுரிமை என்பது சரியாகப் பேசுவோர்க்கு மட்டும் வழங்கப்படும் பரிசன்று. பீக்ஸ்கில்லிற் கல்லெறிந்தவர்களால் ஸ்டாலினின் கொடுமை வெளிப்படவில்லை. அதனை வெளிப்படுத்தியது துணிந்து பேசியவர்களின் சொல்லேயாம்.

இனி, கேட்போருக்கும் உரிமையுண்டு என்பதை மறத்தலாகாது. 2003 மார்ச் 10 இல், ஈராக் போர் தொடங்குவதற்குச் சில நாட்களின் முன், டிக்ஸி சிக்ஸ் என்னும் அமெரிக்க இசைக்குழுவின் பாடகியாகிய நற்றலி மெயின்ஸ், தம் டெக்சாஸ் மாநிலத்தவரே சனாதிபதியாக இருப்பது தமக்கு வெட்கந் தருகின்றதென இலண்டன் மேடையிற் கூறினார். அமெரிக்காவிற் புயல் எழுந்தது. இரசிகர் பலர் தம் இசைத்தட்டுகளை நொறுக்கினர். காசு கொடுத்து வாங்கிய தட்டை உடைப்பது அவரவர் விருப்பம். அதுவும் ஒருவகைப் பேச்சே. ஆனால், பெரும் வானொலி நிறுவனமொன்று தனக்குரிய பல நிலையங்களில் ஒரேயடியாக அவர்களது பாடல்களை நிறுத்தியபோது, கேட்க விரும்பியோரின் விருப்பத்துக்கும் இடமில்லாது போயிற்று. கொலை மிரட்டல் வந்தபோதோ, அது கருத்து வேறுபாடு என்னும் எல்லையையே கடந்துவிட்டது. 2007 இல் அக்குழுவினர் ஐந்து கிறாமி விருதுகளைப் பெற்றனர். எல்லோருக்கும் இவ்வாறு நற்காலம் திரும்புவதில்லை.

எமது அயலிலும் இத்தகைய சோதனையொன்று வந்தது. எமக்கு உவப்பில்லாத அரசியலைப் பேசிவந்த பாடகர் ஒருவரின் கச்சேரி ஒழுங்காகியிருந்தது. அவர் பாடல்களை நாம் வீட்டிற் கேட்பதை நிறுத்திப் பல காலமாயிற்று. கச்சேரிக்குப் போகும் எண்ணமும் இருக்கவில்லை. அதனை நிறுத்தக் கோரும் விண்ணப்பமொன்றிற் கையொப்பம் பெற அன்பர் சிலர் வந்தனர். நாம் ஒப்பமிடவில்லை. "அப்படியென்றால் மாஸ்டரும் அவர் பக்கமோ?" என்று ஒருவர் கேட்டார். அவர் பக்கமும் இல்லை, கதவைப் பூட்டுவோர் பக்கமும் இல்லை என்றோம். நெடுநாட் பழகிய அந்நண்பர் அதன்பின் எம்மோடு முன்போல் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. அது எமக்கு இழப்பே. எனினும், ஒப்பமிட்டிருந்தால் விவாதக் கழகத்துப் பிள்ளைகள் முன் எந்த முகத்தோடு நிற்போம்?

வீட்டிலே இத்தகைய பேச்சு எழும்போது, பெற்றோர் பிள்ளைகளுக்கு ஒன்றை எடுத்துச் சொல்லலாம். பிடிக்காத பாடகரைக் கேளாது விடலாம். அவர் கருத்தை மறுத்து எழுதலாம். அவர் தவறினாரென உரத்தும் சொல்லலாம். அவர் ஏறும் மேடையைப் பறிக்கவும், அவரைக் கேட்கச் செல்வோரைத் தடுக்கவும் எவர்க்கும் உரிமையில்லை. நாம் விரும்பும் பாடகருக்காக இதனைச் சொல்வது எளிது. நாம் வெறுக்கும் பாடகருக்காகவும் சொல்லும் துணிவு வேண்டும்; அது நம் பிள்ளைகளுக்கு வாய்க்குமாக.