பிள்ளையார் கண்ணுக்குக் குண்டுமணி வேண்டாம்

விநாயகர் சதுர்த்திக்கு நம்ம சமய வகுப்புப் பிள்ளைங்க களிமண் பிள்ளையார் செய்யப் போறாங்க. "அண்ணே, கண்ணுக்குக் குண்டுமணி கொண்டு வரலாமா?" என்று வாட்ஸ்அப்பில் மூணு பேர் கேட்டுட்டாங்க. அதனால இங்கேயே எழுதிடறேன்.

தயவு செய்து வேண்டாம். காலங்காலமா பிள்ளையார் கண்ணுக்கு அதைத்தான் வைக்கிறோம், அதை நான் குறை சொல்லலை. ஆனா செய்யப் போறது சின்னப் பிள்ளைங்க. அந்த விதைக்குள்ள இருக்கிறது கடுமையான விஷம், அப்ரின் என்று பேர். மேல் ஓடு ரொம்பக் கெட்டி, முழுசா விழுங்கினா பல சமயம் அப்படியே வெளியே வந்துடும். கடிச்சு மென்னாலோ, மாலை கோர்க்க ஓட்டை போட்டிருந்தாலோதான் ஆபத்து. முறிவு மருந்து கிடையாது. வாந்தி, பேதி எல்லாம் பல மணி நேரம் கழிச்சும் ஆரம்பிக்கலாம். 'பிள்ளை நல்லாத்தானே விளையாடுது' என்று வீட்டில் வச்சுப் பார்க்காதீங்க. கடிச்சிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குக் கொண்டு போங்க, இல்லைன்னா 999.

நிறைய பேர் சாகா விதையையும் இதையும் ஒண்ணுன்னு நினைக்கிறாங்க. சாகா மரத்தடியில் நாம பொறுக்குறது மஞ்சாடி. முழுக்கச் சிவப்பு, கொஞ்சம் தட்டை. குண்டுமணி கொடியில் காய்க்கும், ஒரு முனை கறுப்பா இருக்கும். அந்தக் கறுப்பைப் பார்த்தா கையில் எடுக்கக் கூடாது என்று பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுங்க. பல்லாங்குழிக்கும் மலாய்க்காரங்க சொங்காக்குக்கும் மஞ்சாடி போதும். அந்தக் காலத்து ஆசாரிங்க ரெண்டையும் வச்சுத்தான் தங்கம் நிறுத்தாங்க, ரெண்டு குண்டுமணி ஒரு மஞ்சாடி எடை. "ஒரு குண்டுமணித் தங்கம்கூட இல்லை" என்று வீட்டில் புலம்பல் கேக்குதே, அந்தக் கணக்குதான். ஆனா மஞ்சாடியும் கைக்குழந்தை தொண்டையில் சிக்கும், எட்டாத இடத்தில் வைங்க.

வீட்டு அலமாரியில் பாட்டி காலத்துக் குண்டுமணி மாலை, ஊருக்குப் போனப்ப வாங்கின கைமணி இருந்தா எடுத்துப் பாருங்க. ஓட்டை போட்ட மணிதான் கூடுதல் ஆபத்து.

கழுத்துக்கு ருத்திராட்சமோ துளசியோ போடுங்க, யார் வேண்டாம்னா? மணிக்கு மணி முடிச்சுப் போட்டுக் கோர்த்ததா பார்த்து வாங்குங்க. நூல் அறுந்தாலும் மொத்தமும் சிதறாது. தூங்கும்போது பிள்ளை கழுத்திலிருந்து கழட்டிடுங்க. திருஷ்டிக்குக் கையில் கட்டுற கருமணியைக் குழந்தை எப்பவும் வாயில் வச்சுத்தான் இருக்கும். அந்த நூலை அடிக்கடி இழுத்துப் பாருங்க, நைஞ்சிருந்தா உடனே மாத்துங்க.

பிள்ளையார் கண்ணுக்கு மிளகு வச்சுக்கலாம், பார்க்க நல்லாவே இருக்கும். மிளகு நான் கொண்டு வர்றேன், களிமண் கோயிலில் இருக்கு. பிள்ளைங்களுக்குப் பழைய சட்டை போட்டு அனுப்புங்க.